ஒரு மயிரிழை தூரம்

பூஞ்சை வளர்வதைப் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ரொட்டியை மறந்து வைத்தாலே வளரும் சங்கதிக்கா இத்தனை வருஷம் படித்தான் என்று மாமனார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரு கண்ணாடித் தட்டின் இரு ஓரங்களில் ஒரே பூஞ்சையை விதைத்து மைக்ரோஸ்கோப்பில் வைப்பேன். லேசர் அதை அடுக்கடுக்காகப் படமெடுக்கும். கம்ப்யூட்டர் அடுக்குகளைச் சேர்த்து முப்பரிமாண உருவமாக்கும். வாரக்கணக்கில் இதே பிழைப்பு. இரு பக்க இழைகளும் நடுவில் இணையும் கணம் படத்தில் விழுந்தால் என் வேலை இன்னொரு வருஷம் நீளும். விழாவிட்டால் மாமனார் ஜெயித்துவிடுவார்.

வெள்ளி மாலை மைக்ரோஸ்கோப் வேறொருவருக்குப் போகிறது. புதனன்று இழைகளுக்கு நடுவே மயிரிழை தூரம்தான். தவறவிடக் கூடாதென்று, மணிக்கு ஒன்றாக எடுத்த படத்தை நிமிஷத்துக்கு ஒன்றாக்கினேன். வியாழன் காலை வந்து பார்த்தால், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி இரண்டும் அதே இடத்தில் நிற்கின்றன.

மைக்ரோஸ்கோப்பைப் பராமரிக்கும் அக்கா எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு வேகமா எடுக்குற தம்பி?"

சொன்னேன்.

"அடப்பாவி! அது லேசர்டா, டார்ச் லைட் இல்ல. உன்னை நிமிஷத்துக்கு ஒருதரம் சுட்டா நீ நகருவியா?"

"செத்துடுச்சாக்கா?"

"இழையோட முனை இன்னும் கலங்கல, உயிர் இருக்கு. லேசரை அணை. நாளை மதியம் வரைக்கும் தொடாதே."

"மணிக்கு ஒண்ணாவது?"

"வாங்கின அடி போதும்."

"நடுவுல சேந்துட்டா அந்தக் கணம் போயிடுமேக்கா?"

"அணைக்கலன்னா சேரவே சேராது. எது வேணும்னு நீயே பாத்துக்கோ."

அணைத்தேன். அன்று நாலு தரம் அந்த அறைப் பக்கம் போனேன். நாலு தரமும் அக்கா, "கழிப்பறை அந்தப் பக்கம்" என்றார்.

வெள்ளி மதியம் ஒரே ஒரு படம் எடுத்தோம். திரையில் அடுக்குகள் ஒவ்வொன்றாய் எழுந்தன. நான் குறி வைத்திருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அதற்குக் கொஞ்சம் கீழே, ஓர் இழை வளைந்து இறங்கி மற்றதன் விலாவில் ஒட்டி ஒன்றாகியிருந்தது.

"வேலை நீளுமாக்கா?"

"நீளாது. பணம் தர்றவங்க சேர்ற கணத்தைத்தானே கேட்டாங்க." இழைகள் ஒட்டிய இடத்தைத் திரையில் பெரிதாக்கினார். "ஆனா சேந்துடுச்சுல்ல."

முடிந்த தட்டைக் கழிவுப் பெட்டியில் போடவேண்டும் என்பது விதி. போடாமல், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, வளர்ப்புப் பெட்டியின் இருட்டு மூலையில் வைத்தேன். அக்கா பார்த்தார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். மாமனாருக்கு என்ன சொல்வதென்று பஸ்ஸில் யோசித்துக்கொள்ளலாம்.