முதுகில் ஏறிய சுண்டல்

வங்க மொழிபெயர்ப்பு நாவல்களில் ஒல்லியான பெண்களை யாராவது ஜன்னலுக்கு வெளியே நின்று காதலிப்பார்கள். கல்கத்தா டாலிகஞ்சில் எனக்குக் கிடைத்தது ‘கலா பௌ’ என்ற பட்டம்தான். துர்கா பூஜையில் பிள்ளையார் பக்கத்தில் புடவை சுற்றி நிறுத்தும் வாழைக்கன்றுக்கு அந்தப் பெயர்.

தொண்ணூற்றெட்டில், தசமியன்று சிலையை ஆற்றில் கரைக்கும் விசர்ஜனத்தில் துர்க்கைக்குப் பெண்களும் தோள் கொடுக்கலாம் என்று எங்கள் தெரு கிளப் அறிவித்தது. உடனே போய்ப் பெயர் கொடுத்தேன். தெருவுக்கே அண்ணாவான செயலாளர் பாப்லு தா சிரித்தார்.

“பிரசாதத்துக்கு வர்ற அரிசி மூட்டையை வாசல்லேருந்து பந்தல் வரைக்கும் தூக்கிட்டு வா ரஞ்சனா. அப்புறம் துர்க்கையைத் தூக்கலாம்.”

பூஜைக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. கிளப்பில் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் அக்கா ஷிகா தி என் கையை அழுத்திப் பார்த்தாள்.

“ஓடாதே. கனம் தூக்கு. வாரா வாரம் கொஞ்சம் கனத்தைக் கூட்டு. தினம் முட்டை சாப்பிடு.”

“முட்டையா! அம்மா என்னைத் தூக்கி வெளியில போட்டுடுவா.”

“அப்போ கடலை, பருப்பு, பால். சோறும் வயிறு நிறைய.”

அம்மா தினமும் சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல் செய்தாள். பெருங்காய வாசனை மாடிப்படி வழியாக இறங்கியது. எங்கள் வீட்டில் சுண்டல் என்றால் கொலு என்று கட்டடம் முழுக்கத் தெரியும். நாங்கள் பௌதி என்று கூப்பிடும் கீழ்வீட்டு அண்ணி புதுப்புடவை கட்டி, மகள் மாம்பியோடு வந்து நின்றாள்.

“மாஷிமா, இந்த வருஷம் கொலு சீக்கிரமே வந்துடுச்சா?” என்று அம்மாவைக் கேட்டாள்.

பொம்மைகள் இல்லை என்று தெரிந்தும் அவள் போகவில்லை. மறுநாள் எதிர்வீட்டுக் குழந்தைகளும் வந்தார்கள். எனக்கு மிஞ்சியது கறிவேப்பிலை.

“அம்மா, என் தசையெல்லாம் ஊரார் வயித்துக்குப் போறது!”

“ஆத்துக்கு வந்தவாளைப் போன்னு சொல்லச் சொல்றியா?”

அதனால் ஒரு சட்டம் போட்டேன். முதல் கிண்ணம் எனக்கு. அடுத்துச் சாப்பிடும் குழந்தை என் முதுகில் ஏறவேண்டும். மாம்பியைச் சுமந்து உட்கார்ந்து எழுந்தேன், மாடிப்படி ஏறி இறங்கினேன். மழைக்காலத்துக்குள் அவள் கன்னம் உப்பிவிட்டது. வாரா வாரம் கனத்தைக் கூட்டும் வேலையைச் சுண்டலே பார்த்துக்கொண்டது. பௌதி, தானும் ஏறலாமா என்று கேட்டாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன்.

பூஜை தொடங்கும் சஷ்டியன்று அரிசி மூட்டை வந்து இறங்கியது. தெருவே வேடிக்கை பார்த்தது. முழங்காலை மடக்கி, மூட்டையைக் கட்டிப்பிடித்து எழுந்தேன். பந்தல் வரை நடந்துபோய் இறக்கினேன்.

“ரொம்பக் கனமா?” என்றாள் ஷிகா தி.

“கனந்தான். ஆனா இது முடியைப் பிடிச்சு இழுக்கலை, காதுல பாட்டும் பாடலை.”

மாம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாப்லு தாவுக்குச் சந்தேகம். மூட்டையைத் தானே தூக்கிப் பார்த்தார். முழங்கால் வரை வந்தது, தொப்பென்று விழுந்தது.

“தசமியன்னிக்கு முன்வரிசையில நில்லு,” என்றார், மூச்சு வாங்க.