உங்க கொக்கு

வெள்ளையாக ஒன்று வேலமரத்து உச்சிக் கொம்பில் அசைகிறது, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, காற்று வரும்போது லேசாகச் சிறகை விரித்து மறுபடி மூடிக்கொண்டு, நான்தான் முதலில் பார்த்தேன், மணி, அங்க பாரு, கொக்கு, எத்தாப் பெரிய கொக்கு என்று கையை நீட்டுகிறேன், துளசிமணி பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்க்கிறாள், நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுமாதம், கல்யாணமான நாளிலிருந்து ஒன்றாக எங்கும் நடக்காத நாங்கள் முதல்முதலாகக் குளக்கரைக்கு நடக்க வந்த காலை, அப்போது இந்தக் குளத்துக்கு வெறும் மண்கரைதான், கோயமுத்தூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடம், அவள் பைனாகுலரை இறக்காமலே சொல்கிறாள், ஏனுங், உங்க கொக்குக்கு ரெண்டு காது இருக்குதுங்ளே, நல்லாப் பாருங்கோ, நெஞ்சுல ஜவுளிக்கடைப் பேருகூட எழுதியிருக்குதுங். கேரி பேக். இடது உதட்டோரம் ஒரு மடிப்பு விழுகிறது, சிரிப்பு வாய்க்கு வருவதற்கு முன்னால் அங்கேதான் வந்து நிற்கும், அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டுவிட்டாள், ஒருத்தர் பார்த்துப் பேர் சொல்லோணும், இன்னொருத்தர் பார்த்துத் தலையாட்டோணும், அப்பத்தான் அது கணக்கு, இல்லீன்னா உங்க கொக்காட்டம் ஊரெல்லாம் கேரி பேக்காப் பறக்கும்.

அந்தச் சட்டத்தை அவள் விட்டுக்கொடுத்ததே இல்லை, நான் டீ வாங்கப் போன நேரத்தில் நீலத்தாழைக்கோழி ஒன்று குஞ்சுகளோடு ஆகாயத்தாமரை மேல் நடந்து போயிற்றாம், நீ பாத்தீல்ல, வெச்சுக்க என்றால், ஆகாதுங், நீங்க தலையாட்டுலீங்ளே என்று மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே இடத்தில் என்னை நிற்க வைத்தாள், பிறகு மண்கரை போய் நடைபாதை வந்தது, வழுவழுவென்று கல் பதித்தார்கள், இரும்புக் கம்பி நட்டார்கள், மரத்துக்கு மரம் கலர் விளக்கைச் சுற்றினார்கள், செல்போனில் பாட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு கூட்டம் கையை வீசி வீசி நடக்கத் தொடங்கியது, முக்குளிப்பான் என்ன காதில் பஞ்சா வைத்துக்கொண்டு முங்கும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும், விடுங், அதுகளே சும்மா இருக்குதுங்க, நீங்க ஏனுங் கத்துறீங்க என்பாள், அவள் சொன்னால் அடங்கிவிடுவேன், இப்போது அடக்க ஆளில்லை, அவள் இருக்கிறாள், என் முன்னால் வீல்சேரில், நான்தான் தள்ளுகிறேன், ஆனாலும் ஆளில்லை. ஒரு காலையில் கல்லில் ஊற்றிய தோசையைத் திருப்பாமல் நின்றாள், கருகல் வாடை வந்து நான் போனபோது தோசைத் திருப்பியைக் காட்டி அது என்றாள், அடுப்பைக் காட்டி அது என்றாள், என்னைப் பார்த்தும் அது என்றாள், சொல்லிக்கொண்டே வலது பக்கமாகச் சரிந்தாள், அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான், சீப்புக்கும் அதுதான், மகள் பெயருக்கும் அதுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஜெனிஃபர் நல்ல பிள்ளை, படம் படமாகக் காட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னிடம், ஐயா, ரெண்டு பேரும் எதைச் சொல்லிச் சிரிச்சீங்களோ அந்தப் பேச்சுதான் சில பேருக்கு முதல்ல திரும்பி வரும், பழகுன இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க என்றாள், அதைப் பிடித்துக்கொண்டு தினமும் வருகிறேன், எனக்கு ஊர்ப்பட்ட பேச்சு வேண்டாம், உங்க கொக்கு என்று ஒருதரம் அவள் என்னைக் கேலி பேசினால் போதும், கேலி வந்துவிட்டால் அவளே வந்துவிட்ட மாதிரி. பார் மணி, நீர்க்காகம் சிறகைக் காயப்போடுது என்று விரலை நீட்டுகிறேன், அவள் நீர்க்காகத்தைப் பார்க்கவில்லை, என் விரல்நுனியைப் பார்க்கிறாள், விரலை நகர்த்தினால் கண்ணும் கூடவே நகர்கிறது, பனிக்காலத்து வாலாட்டிகள் வந்து கம்பியில் உட்கார்ந்து வாலாட்டிவிட்டுத் திரும்பியும் போய்விட்டன, கூழைக்கடாக்கள் கூட்டமாக இறங்கிக் குளத்தைக் கலக்கிவிட்டுப் போயின, நான் பேர் சொன்னேன், தலையாட்ட ஆளில்லை, ஒன்றுகூடக் கணக்கில் வரவில்லை, எதிரே வருகிற பொன்னுரங்கம் நாள் தவறாமல், என்னங், பேச்சு வந்துருச்சுங்களா என்கிறார், வந்தா நானே தண்டோராப் போட்டுச் சொல்றனுங், போங்க என்கிறேன், கனவில்தான் அவள் கடகடவென்று பேசுகிறாள், முக்குளிப்பான், நாமக்கோழி, இலைக்கோழி, நான் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலித்து விழிக்கிறேன், பக்கத்தில் அவளும் விழித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி கிடக்கிறாள்.

இன்றைக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் அந்த வேலமரத்து வளைவுக்கு வந்தோம், மரம் முக்கால்வாசி பட்டுப்போய் நிற்கிறது, நான் வீல்சேரின் பிரேக்கைப் போட்டுக் குனிந்து நிமிர்வதற்குள் அவளுடைய இடது கை தானாக மேலே போனது, கொக்கு என்றாள். அது என்று இல்லை, கொக்கு என்று, தெளிவாக, அந்தப் பழைய குரலில், அவள் கை போன வழியே பார்த்தேன், உச்சிக் கொம்பில் வெள்ளையாக ஒரு கேரி பேக், இரண்டு காதும் காற்றில் ஆடுகின்றன, நான் சிரித்துவிட்டேன், எத்தனை மாதத்துக்குப் பிறகோ வாய்விட்டுச் சிரித்தேன், ஆமா அம்மிணி, நெஞ்சுல என்ன கடைப் பேரு போட்டிருக்குது, படிச்சுச் சொல்லு என்று அவள் முகத்துக்கு நேரே குனிந்தேன், உதட்டோரத்து மடிப்பைத் தேடினேன், சாமி சத்தியமாகத் தேடினேன். மடிப்பு இல்லை. அவள் என்னைக் கேலி செய்யவில்லை, கண் விரிய அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கு நான் பார்த்தேனே, அப்படி. மரத்துக்குக் கீழே தண்ணீரோரம் நிஜக்கொக்கு ஒன்று ஒற்றைக்காலில் நிற்கிறது, மணி, கீழ பாரு என்று காட்டினேன், என் விரல்நுனியைப் பார்த்துவிட்டு மறுபடி மேலே பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பினாள், முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள், எதற்காகக் காத்திருக்கிறாள் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று, பேர் சொன்னவள் அவள், நான் இன்னும் தலையாட்டவில்லை, இத்தனையும் போன பிறகு அவளுக்கு அது மட்டும் போகாமல் இருக்கிறது. அவள் சட்டம் போட்ட நாளிலிருந்து ஒரு பறவையைக்கூட நான் பொய்யாக ஒப்புக்கொண்டதில்லை, காற்று கொஞ்சம் பலமாக வந்து கொம்பில் இருந்தது வெள்ளையாக விரிந்து மூடியது, இரண்டு காதும் தெரிந்தன, நெஞ்சில் எழுத்தும் தெரிந்தது, கொக்குதான் மணி, பெரிய கொக்கு என்று சொல்லித் தலையாட்டினேன், அவள் கையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள்.