பிறைக்கணக்கில் ஐந்து நாள்

ஸித்தி ஸுபைதாவின் கணவன் இறந்த பதினோராவது நாள், தையல் மெசின் கம்பெனியின் ஏஜெண்ட் பாக்கியநாதன் பசறைக்கு வந்தார்.

அவள் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. அந்நிய ஆண் அவளைப் பார்ப்பதுமில்லை. உள் அறைக்கு வெள்ளைத் திரை போட்டிருந்தார்கள். மெசினும் அந்த அறையில்தான் இருந்தது.

பாக்கியநாதன் கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஸுபைதாவின் அண்ணன், அவள் நானா என்று அழைக்கும் ஹாஷிம் எதிரே இருந்தார். திரைக்கு உள்ளே ஸுபைதாவும், கணவனைப் பெற்ற மாமியும்.

"மௌத்து வீட்டுல இதப் பேசுறது சரியில்லதான்" என்றார் பாக்கியநாதன். "ஆனா மார்ச், ஏப்ரல் ரெண்டு மாச வாடகை வரல. இந்த மாசத்தோட மூணு. கையெழுத்துப் போட்டவரும் போயிட்டாரு. மெசின் கம்பெனிக்குத் திரும்பணுங்க."

மாதம் ஐந்து ரூபாய். இருபத்துநாலு மாதம் கட்டினால் மெசின் சொந்தம். பதினேழு கட்டியாகிவிட்டது. பிறகு கணவன் காய்ச்சலில் விழுந்தான்.

ஸுபைதா திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள். "பத்து ரூவா கையில இரிக்கி. எடுத்துட்டு ரசீது தாங்க. மத்தத நான் தச்சுக் கட்டுறேன்."

"யார் பேருக்கு ரசீது எழுதுறது? கம்பெனி புத்தகத்துல உங்க பேர் இல்லையே, தங்கச்சி."

"அப்ப பதினேழு மாசம் கட்டின காசி?"

"அது வாடகைங்க. வெலை இல்ல. மெசின உங்க வீட்டுல வச்சிருந்ததுக்கு."

ஹாஷிம் தொண்டையைச் செருமினார். "எடுத்துட்டுப் போகட்டும். அவ எங்கட ஊட்டுக்கு வாரா. மாமிய வெலிமடைக்கு, அவட தங்கச்சிகிட்ட அனுப்பலாம்."

"என்ன அனுப்புறதுக்கு நான் என்ன உருளக்கெழங்கு மூட்டயா?" என்றாள் மாமி உள்ளிருந்து.

பாக்கியநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். இறந்தவன் மாமிக்கு ஒரே மகன். வெலிமடைத் தங்கச்சிக்கு ஒரு அறை வீடு, ஏழு பேர். ஸுபைதாவுக்கு அது தெரியும். நானாவின் வீட்டில் தனக்குச் சோறு கிடைக்கும். மாமிக்கு அங்கே இடமில்லை.

"எடுக்கிறதுன்னா இந்த அறைக்குள்ள வரணுமே" என்றாள் ஸுபைதா. "இத்தா முடியக் காட்டியும் ஆம்புள காலடி இங்க படாது. நானாவும் தூக்கிக் குடுக்க வேணாம்."

பாக்கியநாதன் தலையை ஆட்டினார். "உங்க மார்க்கத்த நான் மதிக்கிறேன். எத்தன நாள்?"

"நாலு மாசம் பத்து நாள்" என்றார் ஹாஷிம்.

"அவர் தவறினது மே மூணு. ஜூன் மூணு, ஜூலை மூணு, ஆகஸ்ட் மூணு, செப்டம்பர் மூணு. அதோட பத்து. செப்டம்பர் பதின்மூணு முடியுது. பதினாலாந்தேதி காலையில வண்டியோட வாரேன்." பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

மாமி வாயைத் திறந்தாள். ஸுபைதா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியாது. எழுதியது தவறு என்பது மட்டும் தெரிந்தது. இத்தாவின் மாதத்தை யாரும் இங்கிலீஷ் தேதியில் எண்ணுவதில்லை. பிறையில் எண்ணுவார்கள். நானாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவர் சந்தையில் போட்டிருந்த தன் கடை நினைப்பில் இருந்தார்.

ஏஜெண்ட் போன பிறகு மாமி கேட்டாள். "ஏன்டி புடிச்ச? அவன் கணக்குப் பெழச்சிக்கி."

"பெழக்கட்டும் மாமி."

பக்கத்து வீட்டுச் செசிலி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இத்தா வீட்டுக்குள் பெண்கள் வரலாம். அன்று பள்ளி விட்டதும் வந்தாள். கணவன் கையெழுத்திட்ட இங்கிலீஷ் காகிதத்தை ஸுபைதா அவளிடம் கொடுத்தாள். செசிலி அதை இரண்டு முறை படித்தாள்.

"செத்துப்போனா என்ன பண்றதுன்னு இதுல ஒன்னுமே இல்லக்கா."

"அப்ப ஏஜெண்ட் சொன்னது?"

"அது அவரு தன் இஷ்டத்துக்குச் சொன்னது. பதுளையில இருக்கிற கம்பெனி ஆபீசுக்கே எழுதிக் கேப்போமா?"

பதில் வரப் பதினெட்டு நாள் ஆனது. விதவை தானே நேரில் ஆபீசுக்கு வரவேண்டும் என்றிருந்தது. பிந்திய வாடகை முழுவதையும் கட்டித் தன் பெயரில் கையெழுத்திட வேண்டும். மெசின் அவள் வீட்டில் இருக்கும்வரைதான் இந்த வழி. எடுக்கப்பட்டுவிட்டால் பழைய ஒப்பந்தம் முடிந்தது.

செசிலியின் முகம் வாடியது. "நீங்க வெளியில போக முடியாதே. இத்தா முடிஞ்ச அடுத்த நாள் காலையில அவர் வாசல்ல நிப்பாரு."

"எழுது" என்றாள் ஸுபைதா. செசிலி பென்சிலை எடுத்தாள். "அவர் மௌத்தானது பிறை பதினாலு. விராத்து நோன்புக்கு முந்தின நாள். அதுல இருந்து நாலு பிறையும் பத்து நாளும்."

பிறை மாதம் இருபத்தொன்பது, அல்லது முப்பது. முப்பத்தொன்று கிடையவே கிடையாது. செசிலி மாதங்களை எழுதி, நாட்களைக் கூட்டி, கழித்தாள். பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்தாள்.

"செப்டம்பர் எட்டுலயே முடியுது. அஞ்சு நாள் முன்னால."

"மூணுன்னு வச்சிக்க. பனி மூட்டத்துல பிறை பிந்தலாம்."

மூன்று நாள் போதும். பதுளைக்குப் பன்னிரண்டு மைல்.

இனி வேண்டியது ரூபாய்தான். இத்தாவில் அலங்காரம் கூடாது. பிறருக்குத் தைப்பதை யாரும் தடுக்கவில்லை. சந்தைத் தெருவில் சிலர் முணுமுணுத்தார்கள். ஹாஷிம் வந்து சொன்னார். "வெள்ளச் சேல கட்டிட்டு கலர் சட்ட தைக்கிறாளாம்ங்கிறாங்க."

"வெள்ளச் சட்டயும் தைப்பேன் நானா. துணி அனுப்பச் சொல்லுங்க."

நோன்பு மாதம் பாதி கடந்திருந்தது. பெருநாளுக்குப் பிள்ளைகளின் சட்டைகள் குவிந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும் தோட்டத்துப் பெண்களிடமிருந்து செசிலி ஜாக்கெட் துணி வாங்கி வந்தாள். அது கை மெசின். வலக்கையால் சக்கரத்தைச் சுற்றினால் துணியைப் பிடிக்க இடக்கை மட்டுமே மிஞ்சும். மாமி எதிரே உட்கார்ந்து சுற்றினாள். ஸுபைதா இரண்டு கைகளாலும் துணியை நடத்தினாள். இரண்டு மடங்கு வேலை நடந்தது.

"மெதுவா மாமி, சட்ட ஓரத்து ரேந்த சுருங்குது."

"நோன்பு புடிச்சிட்டு இதுக்கு மேல மெதுவாச் சுத்தினா நான் தூங்கிருவேன்."

முதல் வாரம் கழுத்துப் பட்டிகள் கோணின. ஸுபைதா பிரித்துத் தைத்தாள். மூன்றாவது வாரம் அவள் வாய் திறக்கும் முன்பே, வளைவு வருகிறது என்று துணியைப் பார்த்து மாமி கையை மெதுவாக்கினாள்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மாமி கொல்லையில் நின்று மேற்கே பார்த்தாள். இருபத்தொன்பதாம் நோன்பில் ஷவ்வால் பிறை தெரியவில்லை. நோன்பு மாதம் முப்பது. அடுத்தது இருபத்தொன்பதில் தெரிந்தது. ஹஜ்ஜு மாதத்துக்கு முந்தையது மீண்டும் முப்பது. செசிலியின் கணக்கு அப்படியே நின்றது.

செப்டம்பர் எட்டாம் தேதி இத்தா முடிந்தது. ஸுபைதா குளித்து, சேலை மாற்றினாள். காசு சேர்த்த டின்னைத் திறந்து முப்பத்தைந்து ரூபாயைத் துணியில் முடிந்தாள். பிறகு நானாவுக்கு ஆள் அனுப்பினாள்.

"நாளைக்கு விடிய ஒத்த மாட்டுத் திருக்கல் வண்டி வேணும். பதுளைக்கு."

ஹாஷிம் திடுக்கிட்டார். "இத்தா முடிஞ்ச அடுத்த நாளே ரோட்டுல எறங்கினா ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் வாடக கட்டுமா?"

"நான் கட்டுறேன். காசத் தா."

"நானே போகணுமாம். கடிதத்துல இரிக்கி."

ஹாஷிம் கடிதத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "முன்னாலயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அந்த ஏஜெண்ட் தேதியத் திருத்தியிருப்பாரு. நீங்கதான் பாவம் பாத்து அவருக்குச் சொல்லியிருப்பீங்க."

அவர் வண்டி பேசப் போனார்.

வண்டிக்குத் திரை கட்டியிருந்தது. ஹாஷிம் வண்டிக்காரனோடு முன்னால் உட்கார்ந்தார். ஏற்றங்களில் இறங்கி நடந்தார். ஸுபைதா திரை இடுக்கால் தேயிலை மலைகளைப் பார்த்தாள். நான்கு மாதமாக அவள் பார்த்தது ஒரு ஜன்னல் அளவு வானம். இப்போது கண் கூசியது. முடிச்சை விடாமல் பிடித்திருந்தாள்.

ஆபீசில் கிளார்க் கடிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாக்கியநாதன் பதினாலாந்தேதி மெசின எடுத்துட்டு வர்றதா எழுதியிருக்காரே. பண்டாரவளையில வாங்குறதுக்கு ஆள் கூட சொல்லி வச்சாச்சு."

"அவர் பதினாலாந்தேதி வருவார். நான் இன்டைக்கு வந்துட்டேன். மெசின் என்ட ஊட்டுலதான் இரிக்கி."

அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

கிளார்க் பெரிய புத்தகத்தைத் திறந்தார். மார்ச் முதல் செப்டம்பர் வரை ஏழு மாதம். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கூட்டிப் பார்த்தார்.

"பதினேழும் ஏழும் இருபத்துநாலு. இனி வாடகையே இல்லம்மா. மெசின் உங்களோடது."

ஏஜெண்ட் மே மாதத்திலேயே எடுத்திருந்தால் மூன்று மாதப் பாக்கியோடு போயிருக்கும். காத்திருந்த மாதங்களே அதை முடித்துக்கொடுத்திருந்தன. ஸுபைதா இதை வண்டியில்தான் யோசித்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் கையெழுத்துப் போட இடத்தைக் காட்டச் சொன்னாள், அவ்வளவுதான். ஓதப் படித்த அரபு எழுத்தில், வலமிருந்து இடமாகத் தன் பெயரை எழுதினாள். கிளார்க் புரியாமல் பார்த்தார். பக்கத்தில் இங்கிலீஷில் எழுதி முத்திரை குத்தினார்.

திரும்பும் முன் அவள் வண்டியைப் பதுளைக் கடைத்தெருவில் லத்தீப்பின் துணிக்கடை வாசலில் நிறுத்தச் சொன்னாள். ஹாஷிம் உள்ளே போய்த் தையல் வேலை கேட்டார். அரை மணி நேரத்தில், வெட்டிய சட்டைத் துணி முப்பதோடு வந்தார். "செவ்வாய்க்கிழமைக்குள்ள பன்னெண்டாவது வரணுமாம்" என்றார். பிறகு தயங்கி, "ஏலும்னு சொல்லிட்டேன்" என்றார்.

பதினாலாம் தேதி காலை பாக்கியநாதன் மாட்டு வண்டியோடு வந்து நின்றார். வண்டியில் வைக்கோல் பரப்பிக் கயிறும் போட்டிருந்தது. உள்ளே மெசின் ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றது. ஸுபைதா முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவருகே வந்து கம்பெனி ஆபீஸ் ரசீதை நீட்டினாள்.

அவர் வாசித்தார். தேதியைப் பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"செப்டம்பர் ஒன்பது... நாலு மாசம் பத்து நாள்னு தானே சொன்னீங்க, தங்கச்சி?"

"அதுதான். பிறைக்கு நாலு மாசம்."

பாக்கியநாதன் விரல்களை மடக்கினார். பாதியில் விட்டுவிட்டார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க பத்து ரூவாவுக்கு ரசீது எழுதியிருந்தா சொல்லியிருப்பேன்."

உள்ளே மாமி சிரித்தது வாசல்வரை கேட்டது. வண்டிக்காரன் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் மாட்டைத் தட்டிக்கொடுத்தான்.

"பண்டாரவளைக்காரன்கிட்ட முன்பணம் வாங்கிட்டேன்" என்றார் பாக்கியநாதன் தனக்குள் பேசுவதுபோல. அவர் முகத்தைப் பார்க்க ஸுபைதாவுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் தன் வேலையை அவள் மறக்கவில்லை. உள்ளே போய், வெள்ளைத் துணியில் கட்டிய மூட்டையைக் கொண்டுவந்து நிலையருகே வைத்தாள்.

"வண்டி சும்மாத்தானே பதுளைக்குத் திரும்புது?"

"ஆமாங்க. ஏன்?"

"லத்தீப் கடைக்கு பன்னெண்டு சட்ட. வண்டிக் கூலியில பாதி நான் தாரேன்."

பாக்கியநாதன் மூட்டையைப் பார்த்தார். வைக்கோலைப் பார்த்தார். கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, மூட்டையைத் தானே தூக்கினார்.

"நனையாமப் பாருங்க" என்றாள் ஸுபைதா. திரும்பி உள்ளே போனாள். இன்னும் பதினெட்டுச் சட்டை இருந்தது. மாமி சக்கரத்தைப் பிடித்துத் தயாராக இருந்தாள்.