அவன் நிமிர்ந்து பார்த்த இடம்

மாலை அஸர் பாங்கு முடிந்த கையோடு கௌஸ் முகம்மது கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தார். கேமரா புல்லைத் தொட்டபடி இருந்தது.

“என்ன பாய், மாப்பிள்ளை ஊர்வலமா எடுக்கிறீங்க?” என்றார் விளையாட்டு ஆசிரியர் ஜெயசீலன்.

“கீழேயிருந்து எடுத்தா எந்த மாப்பிள்ளையும் ராஜாதான் சார். இவன் ஏற்கெனவே ராஜா. எனக்கு வேலை கம்மி.”

கௌஸ் முகம்மது, வளைகுடாவில் நம் ஊர்க்காரர்கள் நிறைந்த அப்பாசியாவில் கல்யாண வீடியோ எடுப்பவர். பள்ளி ஆண்டு விழாவில் காட்ட, கால்பந்து அணித் தலைவன் அஸீமைப் பற்றி ஒரு சிறு படம் கேட்டிருந்தார்கள். அன்று இறுதிப் போட்டி. பன்னிரண்டாம் வகுப்பு, பரீட்சை முடிந்தால் போய்விடுவான்.

அப்பாசியாவில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. சலூனில் ‘அஸீம் கட்டிங்’ என்று சொன்னால் போதும். இடது காலுறையைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டுத்தான் ஓடுவான். கேலரியில் இருந்த சின்னப் பையன்கள் எல்லோருக்கும் இடது காலுறை இறங்கியிருந்தது. கௌஸ் முகம்மது முதலில் அந்தக் கால்களை எடுத்தார். பிறகுதான் அவன் முகத்துக்குப் போனார்.

இரண்டாம் பாதியில் விளக்குகள் எரிந்தன. இரண்டு பேரைத் தாண்டி அஸீம் அடித்தான். வலை அதிர்ந்தது. கூட்டம் எழுந்தது. கட்டிப்பிடிக்க வந்தவர்களை விலக்கிவிட்டு, கேலரியின் மேல் மூலையை நிமிர்ந்து பார்த்தான். அங்கே ஓர் இருக்கை காலியாக இருந்தது.

“அவங்க வாப்பாவுக்குப் பிடிச்சு வச்ச சீட்டு,” என்றார் ஜெயசீலன். “ஒவ்வொரு மேட்சுக்கும் பிடிச்சு வைப்பான். அவர் வந்ததே இல்லை. மேட்ச் எல்லாம் லீவு நாள் வெள்ளிக்கிழமை. அன்னைக்குத்தானே பக்காலாவுல யாவாரம்.”

பக்காலா, அதாவது மளிகைக் கடை. அதை நடத்துகிற அஸீமின் வாப்பா கலீலுர் ரஹ்மானை கௌஸ் முகம்மதுவுக்கும் தெரியும்.

படத்தை வெட்டி ஒட்டும்போது ஜெயசீலன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திரையில் அஸீம் மெதுவாக ஓடினான். காலடியிலிருந்து தூசி எழுந்து விளக்கொளியில் நின்றது. கூட்டத்தின் இரைச்சலை எடுத்துவிட்டு அவன் மூச்சை மட்டும் கௌஸ் முகம்மது விட்டுவைத்திருந்தார். பந்து வலையில் விழுந்ததும் மொத்த இரைச்சலும் திரும்ப வந்தது.

“தினம் இவனைத் திட்டுறவன் நான். எனக்கே விசில் அடிக்கணும்போல இருக்கு.”

“அடிங்க சார். கதவு சாத்தித்தான் இருக்கு.”

அஸீம் நிமிர்ந்து பார்த்தான். அடுத்து, அவன் பார்த்தது வர வேண்டும். காலி இருக்கையைப் போட்டுப் பார்த்தார். அஸீம் சிறுத்துப்போனான்.

கௌஸ் முகம்மது பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகினார். போன வருடக் கல்யாணம். கலீலுர் ரஹ்மானின் தங்கை மகளை வழியனுப்புகிறார்கள். அவர் கண் நிறைந்து, சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் மண்டப விளக்குகள் மங்கலாகத் தெரிகின்றன. மைதான விளக்குகள் என்றாலும் நம்பலாம். முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினார். ஒட்டினார்.

“அவர்தான் வரலையே பாய்.”

“லீவு கிடைக்காத அண்ணன் தம்பி எல்லாரையும் கல்யாண ஆல்பத்துல நான்தான் நிக்க வைக்கிறேன். இதுவரைக்கும் யாராவது சண்டைக்கு வந்திருக்காங்களா? கண்ணீர் அவரோடதுதானே?”

ஜெயசீலன் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

ஆண்டு விழாவுக்குக் கலீலுர் ரஹ்மான் கடையைச் சாத்திவிட்டு வந்தார். மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அரங்கம் இருண்டது. காலுறைகள் தெரிந்ததும் பையன்கள் கத்தத் தொடங்கினார்கள். புல்லிலிருந்து எழுந்து அஸீம் திரை முழுக்க நின்றான். கலீலுர் ரஹ்மான் வாயைத் திறந்தபடி பார்த்தார். இவ்வளவு உயரமாக அவனை அவர் பார்த்ததில்லை.

பந்து வலையில் விழுந்தது. அஸீம் நிமிர்ந்து பார்த்தான். அடுத்து அவருடைய முகம் வந்தது.

அரங்கம் எழுந்து கைதட்டியது. எழாதவர்கள் இரண்டு பேர். திரையில் தெரிந்த சட்டைக் காலர், தங்கை மகள் கல்யாணத்துக்குப் போட்டது என்று கலீலுர் ரஹ்மானுக்கு அடையாளம் தெரிந்தது. அஸீம் திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்க நின்னீங்க வாப்பா? நான் அந்த சீட்டையே பார்த்துட்டு இருந்துட்டேனே.”