மெர்ட்டனின் ஒன்பது காபி டப்பாக்கள்

காலை எட்டு மணி அடித்தால் லூசியஸ் ஜன்னலோரம் இருப்பார். பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு மிஞ்சியது அந்த ஜன்னலும் ஒரே ஒரு கேள்வியும்தான்.

"இன்னைக்குப் போலாமா?"

போக வேண்டிய இடம் புல்வெளி முடியும் இடத்தில் ஓடும் ஓடை. நாற்பது வருடம் அவர் தூண்டில் போட்ட ஓடை. போன வருடம் வரை மனைவி ஆல்தியா, மின்சார டிராக்டரின் பின்னால் இழுவண்டியைக் கட்டி, அதில் அவரை உட்காரவைத்துக் கூட்டிப்போவாள். பெட்ரோல் வண்டியின் இரைச்சலைக் கேட்டாலே லூசியஸ் காதைப் பொத்திக்கொண்டு அழுதுவிடுவார். மின்சார டிராக்டரோ சத்தமே போடாது. மே மாதம் அதன் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோல் போர்டு கருகிப்போனது. செய்த கம்பெனியோ, எங்கள் ஊரில் பாதிப் பேர் பிறப்பதற்கு முன்பே மூடப்பட்டது.

அந்த போர்டு எங்கே கிடைக்கும் என்பது வெர்மான்ட் மாநிலத்தின் இந்த மூலையில் எல்லோருக்கும் தெரியும்: எதிர்வீட்டு மெர்ட்டனின் கொட்டகையில், காபி டப்பாக்களுக்குள். மொத்தம் ஒன்பது. கொட்டகைக் கூரை மாற்றிய அன்று ஏணி பிடிக்கப் போன நாங்கள் எண்ணிவிட்டுத்தான் வந்தோம். ஏணியை யார் பிடித்தார்கள் என்று கேட்காதீர்கள்.

அந்த மாதிரி டிராக்டர் வைத்திருந்தவர் யார் இறந்தாலும், துக்கம் கேட்க அண்டை அயலார் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வருவதற்கு முன்பே மெர்ட்டனின் டிரக் வாசலில் நிற்கும். "பத்திரமா ஓட்டுவேன்" என்று சொல்லி வாங்குவார். மறுநாளே பிரித்துவிடுவார்.

மே மாதமே ஆல்தியா ஆப்பிள் கேக்கோடு போய்க் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு குடு மெர்ட்டன்."

"என் டிராக்டர்ல இருக்கறது நாளைக்கே போச்சுன்னா?"

"மிச்சம் எட்டு இருக்கும்ல?"

"அதுவும் போச்சுன்னா?"

"நீ என்ன, முந்நூறு வருஷமா இருக்கப்போறே?"

மெர்ட்டன் கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

கோடை போனது. மேப்பிள் இலைகள் சிவந்தன. பனி விழுந்துவிட்டால் ஏப்ரல் வரை ஓடைக்கு வழி கிடையாது. லூசியஸுக்கு ஏப்ரல் உண்டா என்று டாக்டர் எதுவும் சொல்லவில்லை. தபால் நிலைய வாசலில் நாங்கள்தான் இல்லை என்று சொன்னோம்.

அக்டோபரில் ஒரு காலை ஆல்தியா வெறுங்கையோடு தெருவைக் கடந்தாள்.

"இன்னைக்கு அவர் போலாமான்னு கேக்கல, மெர்ட்டன்."

ஐந்து மாதமாக மறுத்துவந்த மெர்ட்டன் கொட்டகைக்குள் போய் டப்பாக்களை எடுத்து வந்தார். இலை கூட்டுகிற சாக்கில் நாங்களும் வேலியோரம் கூடினோம்.

தன் டிராக்டரில் இருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் போர்டை அதில் மாட்டிப் பார்த்தார். அசையவில்லை. இரண்டாவதும் அப்படியே. நாலாவது டப்பாவில் எலி கூடு கட்டியிருந்தது. மற்றவை உள்ளுக்குள் காய்ந்து, கசிந்து, பச்சை பூத்துக் கிடந்தன. மத்தியானத்துக்குள் ஒன்பதும் முடிந்தன.

"எவ்வளவு பத்திரமா வச்சிருந்தேன்!" மெர்ட்டன் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பத்திரமாத்தான் வச்சிருந்தே," என்றாள் ஆல்தியா. "யாருக்கும் இல்லாம."

உயிரோடு இருந்த போர்டு ஒன்றே ஒன்று. சனிக்கிழமை தவறாமல் புல் வெட்டிய அவருடைய சொந்த டிராக்டரிலிருந்து காலையில் கழற்றி வைத்தது. அதை எடுத்துக்கொண்டு, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் அவர் தெருவைக் கடந்தார்.

மூன்று மணிக்கு லூசியஸ் கம்பளி போர்த்தி இழுவண்டியில் இருந்தார். டிராக்டர் சத்தமில்லாமல் சரிவில் இறங்கியது. கண்ணுக்குத் தெரியும் முன்பே ஓடை காதில் விழ, அவர் நல்ல கையைத் தூக்கி, "அந்தா!" என்றார். புதுச் சொல். பின்னால் நடந்து வந்த மெர்ட்டன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தபால் நிலையத்தில் அவர் கைப்பட எழுதிய அறிவிப்பு தொங்கியது: கெட்ட போர்டுகள் ஒன்பது இருக்கின்றன, பார்த்துப் புதிதாகச் செய்யத் தெரிந்தவர்கள் எடுத்துப் போகலாம்; பிரித்த டிராக்டர்களின் மோட்டார் பிரஷ், பெல்ட், ஸ்விட்ச் வேண்டுபவர்கள் கதவைத் தட்டலாம்.

"என்ன மெர்ட்டன், இனி உன் வீட்டுப் புல்லு முழங்கால் வரைக்கும் வளருமே?" என்று சீண்டினோம்.

"சனிக்கிழமை ஆல்தியா வண்டியை இரவல் குடுப்பா," என்றார். "சிரிங்க, சிரிங்க. ஆனா இதை மட்டும் கேட்டுக்கோங்க. நான் பூட்டி வச்ச ஒன்பதும் செத்துப்போச்சு, ஓடிக்கிட்டிருந்த ஒண்ணுதான் பொழைச்சுது. இன்னொருத்தர் தவிச்சு நிக்கும்போது நம்ம வீட்ல ஒரு சாமான் சும்மா கிடந்தா, அதுக்குப் பேரு சேமிப்பு இல்லய்யா, திருட்டு."