வேறு வழியாக வருவான்

“கப்பல் கவுந்துச்சுன்னா எஞ்சின் ரூமுல இருக்கிறவங்க என்னங்க பண்ணுவாங்க?”

“என்ன பண்ணுவாங்க? குளிப்பாங்க.”

“விளையாடாதீங்க. நெசமா கேக்குறேன்.”

சூசைமுத்து சிரிப்பை நிறுத்தினான். கல்யாணமான புதிது. கப்பல் கவிழும் ஆங்கிலப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு இருவரும் தங்கள் ஊரான தலத்தெருவுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

“மேல நிக்கிறவன் படகுல ஏறிடுவான் டெய்சி. நாங்க கீழ கெடக்கோம். ஏணி மூணு மாடி ஒசரம். தண்ணி எங்களவிட வேகமா ஏறிடும்.” அவள் முகம் மாறியதைப் பார்த்துக் குரலைத் தணித்தான். “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. கப்பல்லயே எஞ்சின் ரூமுதான் பத்திரமான எடம், சுத்தி இரும்புன்னு சொல்லி வச்சிருக்கேன். அதை நம்பித்தான் என்னைக் கப்பலுக்கு விட்டாங்க.”

“சொல்ல மாட்டேன்” என்றாள் டெய்சி.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அவன் வேலை பார்த்த சரக்குக் கப்பல் அரபிக் கடலில் மூழ்கியது. மேல்தளத்தில் இருந்த சிலர் பிழைத்தார்கள். சூசைமுத்துவைக் காணவில்லை என்று தந்தி வந்தது. மாமியார் சகாயம்மாள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

“காணோம்னுதானே போட்டிருக்கான்? செத்துட்டான்னா போட்டிருக்கான்?”

ஆகவே அந்த வீட்டில் யாரும் அழவில்லை. இறந்தவனுக்கு வைக்கிற பூசையும் வைக்கவில்லை. தினமும் காலையில் டெய்சி பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் புறப்படும்போது சகாயம்மாள் தன் கையாலேயே அவளுக்குப் பூ வைத்து அனுப்பினாள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் மாமனார் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு இருவரும் நிற்பார்கள். சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார். அதில் ஒரு பெயர் இருக்காது. அப்போதெல்லாம் டெய்சியின் தொண்டை வரைக்கும் ஒரு வேண்டுகோள் வரும். மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடும்.

ஆங்கிலக் கப்பல் படங்கள் பார்க்கத் தொடங்கியது சகாயம்மாள்தான். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. போஸ்டரில் கப்பல் போட்டிருந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலைக்காட்சிக்கு மருமகளை இழுத்துக்கொண்டு போய்விடுவாள். இருட்டில் டெய்சி ஒவ்வொரு வசனத்தையும் காதோடு தமிழில் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு படத்தில், மூழ்கும் கப்பலில் இருந்த எஞ்சின்காரன் மற்றவர்களை மேலே ஏற்றிவிட்டுக் கடைசியாக விடைபெற்றுப் பேசினான். “என்னடி சொல்றான்?” என்று மாமியார் தோளை உலுக்கினாள். அதை அப்படியே சொல்ல டெய்சியால் முடியவில்லை. “வேற வழியா வர்றேங்கிறான் அத்தை” என்றாள். சகாயம்மாள் பெருமூச்சு விட்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் டெய்சி ஒரு எஞ்சின்காரனையும் சாக விடவில்லை.

கப்பல் மூழ்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1983-இல், கல்லறைத் திருநாளுக்குச் சில நாள் முன்பு, சகாயம்மாளின் தம்பி சந்தனசாமி வந்தார்.

“இந்த வருசமாவது பூசைக்குச் சொல்லிடுவோம்க்கா. டெய்சியும் எத்தனை நாளைக்கி இப்புடியே இருக்கும்?”

“நீ பாத்தியா அவன் செத்ததை? நான் படத்துல கண்ணால பாத்திருக்கேன்டா. எஞ்சின்காரன் வேற வழியா வருவான். நம்பலேன்னா இவளைக் கேளு. இங்கிலீசு படிச்சவ, பொய்யா சொல்லுவா?”

சந்தனசாமி டெய்சியைப் பார்த்தார். அவள் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கப்பல் படம். வெளியே தூறல். கடலடியில் ஓர் இரும்பு அறைக்குள் சிலர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் பெரிய மீசைக்காரன் ஒருவன், பேசும்போதெல்லாம் அழுக்குத் துணியில் கையை விரல்விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நம்ம சூசை மாதிரியே தொடைக்கிறான் பாரு!” சகாயம்மாளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

டெய்சியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் மார்பளவு ஏறியது. மற்றவர்கள் தப்ப வேண்டுமானால் ஒருவன் உள்ளேயே நின்று தண்ணீரை அடைக்கும் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மீசைக்காரன் நின்றான். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏதோ சொன்னான்.

“என்னடி சொல்றான்?”

டெய்சி வாயைத் திறந்தாள். பழகிய வார்த்தை வரவில்லை.

“சொல்லேன்டி!”

“எனக்காக நிக்காதீங்க, கதவைச் சாத்துங்கங்கிறான் அத்தை.”

“சரி. வேற வழி இருக்குல்ல?”

“இல்ல அத்தை.”

“அன்னைக்கிப் படத்துல இருந்துச்சே?”

“அதுலயும் இல்ல.”

“யம்மா, குடும்பக் கதையை வீட்டுல போய்ப் பேசுங்கம்மா!” பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு வரிசை சிரித்தது.

பிழைத்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்து கம்பளி போர்த்திக்கொண்டபோது, படம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, சகாயம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்குகள் எரிந்தன. கூட்டுகிற ஆள் முன்வரிசையிலிருந்து கடலைத் தோலைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“சுத்தி இரும்புன்னு சொன்னானேடி” என்றாள் மெதுவாக.

“தெரியும் அத்தை.”

“உன்கிட்டயும் அப்படித்தான் சொன்னானா?”

தலையாட்டிவிட்டால் போதும். வீட்டுக்குப் போகலாம், நாளைக் காலையில் பூ வைத்துக்கொள்ளலாம், அடுத்த போஸ்டருக்குக் காத்திருக்கலாம்.

“இல்ல. என்கிட்ட வேற மாதிரி சொன்னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு.”

மகன் என்ன சொன்னான் என்று சகாயம்மாள் கேட்கவில்லை. டெய்சியின் கூந்தலில் மல்லிகைச் சரம் நழுவித் தொங்கியது. கிழவியின் கை தானாகவே எழுந்து அதைச் சரிசெய்யப் போனது.

டெய்சி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாத கணவனின் பெயர் முதலில் வந்தது.

“சூசைமுத்துக்கு ஒரு பூசை வச்சிடுவோம் அத்தை. எனக்கு அழணும்.”