மிஞ்சிய உருண்டை

அடையாறில் நான் வேலை பார்க்கும் மழலையர் பள்ளியில், ஆளுக்கொரு களிமண் உருண்டை என்று வைக்கச் சொல்லி எண்ணக் கற்றுக்கொடுக்கிறோம். அன்று மஹ்விஷ் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு உருட்டினாள். எல்லார் முன்னாலும் வைத்த பிறகு ஒன்று மிஞ்சியது.

"எக்ஸ்ட்ரா உருட்டிட்டியா?" என்று சிரித்தேன்.

"இல்ல மிஸ், இது ஸ்ரீநாத்தோடது."

ஸ்ரீநாத்தின் பாய் காலியாக இருந்தது. வாசல் கேட்டும் திறந்திருந்தது. அதைத் தாண்டினால் பஸ் போகும் ரோடு. செருப்பில்லாமல் ஓடினேன்.

நடைபாதை அடிபம்பின் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"மண்ணு காஞ்சிப்போச்சு மிஸ், தண்ணி வேணும்."

தூக்கி வந்து உட்காரவைத்தேன். மஹ்விஷ் அவன் முன்னால் உருண்டையை வைத்தாள்.

"இப்ப கரெக்டா மிஸ்?"

காலையில் கேட்டைத் தாழிடாமல் விட்டவள் நான்தான்.